60 வயது போர் விமானம் இன்னும் பறப்பது எப்படி?

கேள்வி இது: "தாத்தா காலத்தில் கட்டிய போர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் இன்னும் பறக்கின்றனவே, உலோகம் தேய்ந்துபோகாதா? அவற்றில் ஆட்களை ஏற்றி அனுப்புவது சரியா? ஏன் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு விமானம் கட்டப்பட்ட ஆண்டை மட்டும் வைத்து அது ஆபத்தானதா என்று சொல்ல முடியாது. அதன் உடலில் எங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பராமரிப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால் 60 வயதிலும் அது பறக்கலாம். தெரியாமல் போனால் மிகச் சிறு வயதிலேயே உடையும். இரண்டுக்கும் உண்மையான உதாரணங்கள் இருக்கின்றன.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விமானத்தின் பெயருக்கு ஒரு வயது, நம் முன்னால் நிற்கும் அந்தக் குறிப்பிட்ட விமானத்துக்கு இன்னொரு வயது. சி-130 ஹெர்குலிஸ் சரக்கு விமானம் முதன்முதலில் பறந்தது 1954 ஆகஸ்டில். ஆனால் அந்த வரிசையில் புத்தம் புதிய விமானங்கள் இன்றும் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. ரஷ்யாவின் டியூ-95 குண்டுவீச்சு விமானம் 1952இல் முதலில் பறந்தது. இப்போது படையில் இருப்பவை 1980களிலும் அதையொட்டியும் கட்டப்பட்டவை. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தின் விஷயம் வேறு. அதுவும் 1952இல்தான் முதலில் பறந்தது, மொத்தம் 744 கட்டினார்கள், கடைசி விமானம் 1962 அக்டோபரில் படையிடம் போய்ச் சேர்ந்தது. அதன்பின் ஒன்றுகூடக் கட்டவில்லை. இன்று மிச்சமிருக்கும் 76 விமானங்களில் மிக இளையதே 60ஐத் தாண்டிவிட்டது. அவற்றின் பழைய எஞ்சின்களைக் கழற்றிவிட்டு ரோல்ஸ் ராய்ஸின் எஃப்130 எஞ்சின்களை மாட்டுவதென்று 2021இல் முடிவானது. 2050கள் வரை பறக்கவிடுவது திட்டம். உங்கள் கேள்விக்கு உண்மையில் பொருந்துவது பி-52 போன்றவைதான்.

சரி, உலோகம் தேயாதா? தேயும். ஆனால் அது காலண்டரைப் பார்த்துத் தேய்வதில்லை. ஒரு கம்பியை ஒருமுறை லேசாக வளைத்தால் ஒன்றும் ஆகாது, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் பட்டென்று முறியும். விமானத்தின் இறக்கையும் ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும், காற்றுச் சுழலில் குலுங்கும்போதும், கூர்மையாகத் திரும்பும்போதும் வளைந்து நிமிர்கிறது. ரிவெட் துளையின் ஓரம் போன்ற இடங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறந்து, ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். இதை உலோகச் சோர்வு என்கிறார்கள். ஆகவே ஆண்டுக் கணக்கைவிட, எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை ஏறி இறங்கியது, எவ்வளவு முரட்டுத்தனமாகப் பறந்தது என்பவைதான் முக்கியம். ஒரு பயணிகள் விமானம் ஆண்டுக்கு 3,000 மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாகப் பறந்துவிடும். ஒரு குண்டுவீச்சு விமானம் பறப்பது சில நூறு மணி நேரம். பி-52 தன் இளமையின் பெரும்பகுதியை அணு ஆயுத எச்சரிக்கை நிலையில் ஓடுபாதை ஓரமாக நின்றே கழித்தது. அது இன்று வரை உயிரோடிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பறக்கும் விதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரிட்டனின் வேலியன்ட் விமானத்தைப் பார்க்க வேண்டும். வேலியன்டும் பி-52ம் படையில் சேர்ந்தது ஒரே ஆண்டில், 1955இல். இரண்டுமே மிக உயரத்தில், காற்று அமைதியாக இருக்கும் இடத்தில் பறந்துபோய்க் குண்டு போடுவதற்காக வரையப்பட்டவை. 1960களில் சோவியத் ஏவுகணைகளுக்குத் தப்ப இரண்டையும் தரையை ஒட்டிப் பறக்க வைத்தார்கள். தரைக்கருகே காற்று கரடுமுரடானது, குலுக்கல் பல மடங்கு. 1964இல் வேலியன்ட்களின் இறக்கையைத் தாங்கும் பிரதான உத்திரங்களில் சோர்வு விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 1965 தொடக்கத்திலேயே அந்த வகை மொத்தமும் விலக்கப்பட்டது. பத்தே ஆண்டு. பி-52க்கும் தாழப் பறந்ததில் அடி விழத்தான் செய்தது. 1964 ஜனவரியில் ஒரு சோதனைப் பறப்பில் கடும் காற்றுச் சுழல் அதன் செங்குத்து வாலைப் பெரும்பாலும் பிய்த்துக்கொண்டு போனது. விமானிகள் அதை அப்படியே கொண்டுவந்து தரையிறக்கினார்கள். அமெரிக்கர்கள் பணத்தைக் கொட்டி பி-52களை வலுப்படுத்தினார்கள். பிரிட்டன் வேலியன்டுக்கு அதைச் செய்யவில்லை, உலோகக் கலவையும் கைகொடுக்கவில்லை. பிறந்த ஆண்டு ஒன்று, வேலையும் ஒன்று. ஆனால் ஒன்று பத்து வயதில் பழைய இரும்புக்குப் போனது, இன்னொன்று இன்னும் பறக்கிறது.

இப்போது மிகச் சிறு வயதிலேயே உடைந்த விமானத்துக்கு வருவோம், ஏனென்றால் இன்றைய பழைய விமானங்கள் பாதுகாப்பாகப் பறப்பதற்கான வழிமுறையே அந்த விபத்திலிருந்துதான் வந்தது. 1969 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்-111 போர் விமானம் ஒன்று பயிற்சிப் பறப்பில் மேலெழும்போது அதன் இறக்கை தனியே பிய்ந்து விழுந்தது. அதில் இருந்த இருவரும் இறந்தார்கள். அந்த விமானம் பறந்திருந்தது சுமார் 100 மணி நேரம்தான். இறக்கையை முன்னும் பின்னும் மடக்கும் சுழல் இணைப்பின் எஃகுத் துண்டில், அடித்து உருவாக்கும்போதே ஒரு குறை இருந்திருக்கிறது. தொழிற்சாலைச் சோதனைகள் எதுவும் அதைப் பிடிக்கவில்லை.

அதுவரை பொறியாளர்கள் நினைத்தது இப்படி: புதிய பாகத்தில் குறை இல்லை, அது இத்தனை ஆயிரம் மணி நேரம் தாங்கும் என்று சோதித்துவிட்டோம், அதில் ஒரு பங்கு மணி நேரம் பறந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். எஃப்-111 விபத்து இந்த எண்ணத்தை உடைத்தது. அமெரிக்க விமானப்படை 1970களில் தன் விதிகளையே மாற்றிக்கொண்டது. புதிய விதியின் சாரம்: ஒவ்வொரு முக்கியப் பாகத்திலும் முதல் நாளே ஒரு விரிசல் இருப்பதாக வைத்துக்கொள். சோதனையில் கண்ணுக்குத் தப்பக்கூடிய மிகப் பெரிய விரிசல் எவ்வளவோ அந்த அளவு. அது வளர்ந்து ஆபத்தான நீளத்தைத் தொட எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போடு. அந்த நேரத்தைப் பாதியாக்கி, அதற்குள் ஒரு சோதனை வை. முதல் சோதனையில் தவறவிட்டாலும் இரண்டாவதில் பிடிக்க வாய்ப்பு இருக்க வேண்டும். எஃப்-111க்கென்று இன்னொரு முறையும் கண்டுபிடித்தார்கள். விமானத்தை மைனஸ் 40 டிகிரி வரை குளிரவைத்து இறக்கைகளைப் பலமாக இழுத்துப் பார்ப்பார்கள். குளிரில் எஃகு எளிதில் முறியும் தன்மை பெறும். ஆகவே ஆபத்தான விரிசல் இருந்தால் கட்டடத்துக்குள்ளேயே உடைந்துவிடும், வானத்தில் உடையாது. இந்தச் சோதனையைத் தாண்டித்தான் ஆஸ்திரேலியாவின் எஃப்-111கள் 2010 டிசம்பர் வரை பறந்தன.

என்னைக் கேட்டால், கடந்த அரை நூற்றாண்டில் விமானப் பராமரிப்பில் வந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான். விமானத்துக்குப் பிறப்பிலேயே நற்சான்று கொடுத்துவிடாமல், அது பறக்கும் காலமெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறது. ஆனால் இதற்கும் ஒரு ஓட்டை உண்டு. எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2007 நவம்பரில் மிசூரி மாநிலப் படையின் ஒரு எஃப்-15 போர் விமானம் பயிற்சியின்போது, விமானி அறைக்குப் பின்னால் இரண்டாக உடைந்தது. விமானி காயத்தோடு தப்பினார். உடலின் நீளவாட்டுச் சட்டம் ஒன்று வரைபடத்தில் குறித்த தடிமனை விட மெல்லியதாகச் செய்யப்பட்டிருந்தது, அதில் விரிசல் வளர்ந்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் தொழிற்சாலையில் நடந்த தவறு, கால் நூற்றாண்டு காத்திருந்து வெளிப்பட்டது. அந்தச் சட்டத்தில் சிக்கல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

விரிசலாவது பறந்தால்தான் வளரும். அரிப்பு அப்படியில்லை, விமானம் சும்மா நின்றாலும் நடக்கும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் ஈரம் புகுந்துவிட்டால் வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. வானிலேயே எரிபொருள் நிரப்பும் கேசி-135 விமானங்களில் கடைசியானவை 1965இல் வந்தவை. எஞ்சினை எப்போதோ மாற்றிவிட்டார்கள், ஆனால் தகடுகளுக்கு நடுவே நடக்கும் அரிப்போடுதான் பணிமனைகள் பல பத்தாண்டுகளாகப் போராடுகின்றன. அமெரிக்கா தன் பழைய விமானங்களை அரிசோனா பாலைவனத்தில் டேவிஸ்-மோந்தன் தளத்தில் நிறுத்தி வைத்திருப்பதும் இதனால்தான். காற்றில் ஈரம் குறைவு, மண்ணும் கெட்டியானது. 2008இல் அங்கே ஓய்வுக்கு அனுப்பப்பட்ட ஒரு பி-52ஐ 2015இல் எழுப்பிப் பறக்கவைத்து மறுபடி படையில் சேர்த்தார்கள். தீ விபத்தில் சேதமான இன்னொரு விமானத்தின் இடத்துக்கு அது தேவைப்பட்டது.

அரிப்பும் சோர்வும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2017 ஜூலையில் மிசிசிப்பி மாநிலத்தில் பார்த்தோம். அமெரிக்க மரைன் படையின், ஹெர்குலிஸ் வகையைச் சேர்ந்த ஒரு கேசி-130டி நடுவானில் சிதறியது, 16 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது இது: ஒரு புரொப்பெல்லர் இதழில் அரிப்புக் குழி இருந்தது. 2011இல் அந்த இதழ் பழுதுபார்க்கும் பணிமனைக்கு வந்தபோது அதைச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பி, ஆறு ஆண்டுகள் கழித்து இதழ் கழன்று விமானத்தின் உடலுக்குள் பாய்ந்தது. பழைய விமானம் என்பதால் விழுந்தது என்று இதைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. செய்ய வேண்டிய வேலை என்னவென்று தெரிந்திருந்தது, நடைமுறையும் எழுதப்பட்டிருந்தது. செய்யப்படவில்லை. அந்த 16 பேரின் உயிர் போனது அந்தப் பணிமனை மேசையில்தான்.

ஹெலிகாப்டருக்கு வருவோம். இங்கே கணக்கு வேறு. சினூக் என்ற பெரிய சரக்கு ஹெலிகாப்டரின் ரோட்டர் (மேலே சுழலும் இதழ்களின் தொகுதி) நிமிடத்துக்கு 225 முறை சுற்றுகிறது, அதாவது மணிக்கு 13,500 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இதழும் ஒருமுறை மேலும் கீழும் வளைகிறது. இறக்கை விமானம் ஆயுள் முழுக்கச் சேர்க்கும் வளைவுகளை ஹெலிகாப்டர் இதழ் சில வாரங்களில் சேர்த்துவிடும். ஆகவே ரோட்டர் இதழ், அதைப் பிடித்திருக்கும் தலைப்பகுதி, வால் ரோட்டர் பாகங்கள் எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கில் ஆயுள் குறித்து வைத்திருப்பார்கள். அந்த மணி வந்ததும், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், கழற்றித் தூக்கிப் போட வேண்டியதுதான். கியர்பாக்ஸுக்கு மாற்று கிடையாது. எஞ்சின் இரண்டு இருக்கலாம், ரோட்டரைச் சுற்றவைக்கும் பிரதான கியர்பாக்ஸ் ஒன்று நின்றால் எல்லாம் முடிந்தது. அதனால் எண்ணெயில் உலோகத் துகள் சேர்கிறதா என்று பார்க்கும் காந்த முனைகளும், அதிர்வை அளக்கும் உணர்கருவிகளும் வைத்து அதை எந்நேரமும் கண்காணிக்கிறார்கள்.

இதன் விளைவு, நீண்ட காலம் பறந்த ஹெலிகாப்டரில் பிறந்தபோது இருந்தவை அதிகம் மிச்சமிருக்காது. சினூக் 1961இல் முதலில் பறந்தது. ஆரம்பகால ஏ, பி, சி வகைகளைப் பிரித்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் இதழ்களும் மாற்றி, டி வகையாகத் திரும்பக் கட்டினார்கள். பிரிட்டனின் பிராவோ நவம்பர் என்ற சினூக் 1982 ஃபாக்லாந்து போரில் பேர்பெற்றது. மற்ற சினூக்குகளை ஏற்றி வந்த அட்லாண்டிக் கன்வேயர் கப்பல் மூழ்கியபோது, வானத்தில் இருந்ததால் தப்பியது அது. அதன்பின் இராக், ஆப்கானிஸ்தான் என்று சுற்றிவிட்டு 2022இல் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஆல்ப்ஸ், இமயமலை போன்ற இடங்களில் பறந்த லாமா என்ற பிரெஞ்சு ஹெலிகாப்டர் வகை இன்னொரு பாடம். 1972இல் ழான் புலே அதை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் உலக சாதனை படைத்தார். இந்தியாவில் சீட்டா என்ற பெயரில் கட்டப்பட்ட அதே வகைதான் பல பத்தாண்டுகளாக சியாச்சினில் வீரர்களுக்கு உணவும் மருந்தும் சுமந்தது. எடை மிகக் குறைவு, அமைப்பு எளிது. அந்த உயரத்தில் அது செய்த வேலையை எடுத்துக்கொள்ள இன்னொன்று எளிதில் கிடைக்கவில்லை. ஆனால் ஒரே எஞ்சின், மேகத்துக்குள் வழிகாட்ட நவீனக் கருவிகள் இல்லை. உலோகம் உறுதியாக இருப்பது வேறு, அதை ஓட்டும் விமானிக்கு இந்தக் காலத்தில் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு கிடைப்பது வேறு. பழைய ஹெலிகாப்டர்களை விலக்க வேண்டும் என்பதற்கு எனக்கு மிக வலுவாகப் படும் காரணம் இரண்டாவதுதான்.

ஏன் மாற்றுவதில்லை? பணம் ஒரு காரணம், ஆனால் பெரும்பாலும் புதியது நேரத்துக்கு வராததே காரணம். கனடா தன் சீ கிங் கடற்படை ஹெலிகாப்டர்களை 1963 முதல் 2018 வரை ஓட்டியது. மாற்று ஹெலிகாப்டருக்குப் போட்ட ஒப்பந்தத்தை 1993இல் ஆட்சி மாறியதும் ரத்து செய்தார்கள், அடுத்த ஒப்பந்தம் 2004இல்தான் போடப்பட்டது. இந்தியா மிக்-21ஐ 1963இல் சேர்த்து 2025 செப்டம்பரில்தான் விடை கொடுத்தது. அந்த இடத்துக்கு வர வேண்டிய தேஜஸ் 2001இல் முதலில் பறந்து, அதன் முதல் படைப்பிரிவு 2016இல்தான் அமைந்தது. இப்படிப்பட்ட தாமதங்களின் விலையை விமானிகளும் தரையில் வேலை செய்பவர்களும் கொடுக்கிறார்கள். தீர்மானம் எடுக்கும் அறைகளில் இருப்பவர்கள் கொடுப்பதில்லை.

காலம் நீள நீள உதிரிபாகமும் பெரிய தலைவலி. செய்த நிறுவனமே மூடியிருக்கும், அச்சு தொலைந்திருக்கும். அப்போது ஒரு விமானத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டத் தொடங்குவார்கள். ஈரான் 1979 புரட்சிக்கு முன் 79 எஃப்-14 போர் விமானங்களை அமெரிக்காவிடம் வாங்கியது. அதன்பின் அமெரிக்காவிலிருந்து பாகம் கிடையாது. 2006இல் அமெரிக்கக் கடற்படை எஃப்-14களை விலக்கிய பிறகு, ஒரு பாகம்கூட ஈரானுக்குப் போய்விடக் கூடாது என்று பல விமானங்களை இயந்திரத்தில் போட்டுத் துண்டாக்கினார்கள்.

பாகத்தைவிட முதலில் தீர்ந்துபோவது அறிவு. பிரிட்டனின் கடல் கண்காணிப்பு விமானமான நிம்ராட்டின் கதை இதில் எல்லாவற்றையும் சொல்லிவிடும். 2006 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் ஒரு நிம்ராட், வானில் எரிபொருள் நிரப்பிய சற்று நேரத்தில் தீப்பிடித்து விழுந்தது, 14 பேர் இறந்தார்கள். கசிந்த எரிபொருள் ஒரு சூடான காற்றுக் குழாயின் மேல் பட்டிருக்கிறது. வானில் எரிபொருள் நிரப்பும் வசதி முதலில் அந்த விமானத்தில் இல்லை, 1982 போருக்காக அவசரமாகச் சேர்க்கப்பட்டது. பின்னாளில் விமானத்தின் பாதுகாப்பை ஆராய்ந்து ஒரு பெரிய ஆவணம் தயாரித்தார்கள். 2009இல் விபத்தை விசாரித்த வழக்கறிஞர் ஹாடன்-கேவ் தன் அறிக்கையில் அந்த ஆவணத்தைக் கடுமையாகச் சாடினார். 30 ஆண்டுகள் பத்திரமாகப் பறந்த விமானம், ஆகவே எப்படியும் பாதுகாப்பானதுதான் என்ற நினைப்போடு எழுதப்பட்டது அது என்றார். அதே நேரத்தில் பழைய நிம்ராட் உடல்களுக்குப் புதிய இறக்கை மாட்டும் திட்டமும் நடந்துகொண்டிருந்தது. மாட்டப் போனால், 1960களில் கையால் கட்டிய உடல்கள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபட்டன, கணினியில் வரைந்து செய்த இறக்கை பொருந்தவில்லை. கட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்கும். அவர்கள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார்கள். 2010இல் திட்டம் கைவிடப்பட்டது.

அப்படியானால் எதுவரை பறக்கலாம்? நான் பார்ப்பது இவற்றைத்தான். படையில் உள்ள மற்ற விமானங்களுக்கு முன்னால், ஒரு முழு விமானத்தைச் சோதனைக் கூடத்தில் வளைத்து வளைத்து அதிக மணி நேரம் ஓட்டியிருக்கிறார்களா? எஃப்-16களின் ஆயுளை 8,000 மணியிலிருந்து 12,000 மணிக்கு உயர்த்தியது அப்படிப்பட்ட சோதனைக்குப் பிறகுதான். அதிகம் பறந்த ஒன்றிரண்டை அக்கக்காகப் பிரித்து, ஒவ்வொரு துளையையும் பார்த்திருக்கிறார்களா? சோதனைகளில் எதிர்பார்த்த இடத்தில் விரிசல் வந்தால் கவலை இல்லை, திட்டம் வேலை செய்கிறது என்று பொருள். எதிர்பாராத இடங்களில் அடிக்கடி வர ஆரம்பித்தால், அப்போது நிறுத்தும் நேரம் வந்துவிட்டது, ஆண்டு எதுவாக இருந்தாலும் சரி.

விபத்துச் செய்தி வந்ததும் "பறக்கும் சவப்பெட்டி" என்று எழுதுகிறார்கள். அது அந்த விமானத்தை நம்பி தினமும் ஏறுபவர்களுக்குச் செய்யும் அநியாயம், காரணத்தையும் மறைத்துவிடும். எந்தப் பாகம் போனது, அது சோதனைப் பட்டியலில் இருந்ததா, அதே வகையின் மற்ற விமானங்களைத் திறந்து பார்த்தபோது என்ன கிடைத்தது என்பதைத் தேடிப் படியுங்கள். 2014 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் ஒரு எம்எச்-53இ ஹெலிகாப்டர் வர்ஜீனியா அருகே கடலில் விழுந்து மூவர் இறந்தனர். ஒரு மின்கம்பிக் கட்டு எரிபொருள் குழாயில் உரசி உரசி, இரண்டும் தேய்ந்து, தீப்பிடித்திருக்கிறது. எஞ்சின், ரோட்டர் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. பிறகு மற்ற ஹெலிகாப்டர்களைத் திறந்து பார்த்தபோது அதே உரசலும் தேய்ந்த கம்பிகளும் அந்த வகை முழுக்கப் பரவலாக இருந்தது தெரியவந்தது.